எஞ்சினுக்குள் ஒரு சங்கிலி

தலைநகரில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால், அரசாங்கக் குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடத்தில் விடியற்காலையில் எழும் ஒலிகள் பலவகை. பாட்டரி சோர்ந்த வண்டியின் இருமல் ஒன்று. உறை பனியில் நனைந்த பெல்ட்டின் கீச்சொலி ஒன்று. இவற்றிடையே சென்ற ஆண்டுகளில் ஒரு மார்கழியில் புதியதோர் ஒலி கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற்போன்ற சலசலப்பு. இரண்டு விநாடி நீடித்து அடங்கிவிட்டது. அது நம் வண்டியிலிருந்தே எழுந்தது. குளிரில் எஞ்சினுக்கும் பல் கிட்டுகிறது போலும் என்று நகைத்துக்கொண்டு நாம் அலுவலகம் சென்றோம். தை பிறந்தபோது அந்த இரண்டு விநாடி ஐந்து விநாடியாயிற்று. மாசியில், எஞ்சின் சூடேறிய பின்னரும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அதே சலசலப்பு மெல்லக் கேட்கலாயிற்று. ஒருநாள் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கும் எரிந்தது. நகைப்பு அன்றோடு நின்றது.

எஞ்சினுக்குள் ஓடும் ஒரு சங்கிலியின் முறையீடே அந்த ஒலி என்பதைப் பின்னர் அறிந்தோம். பணிமனைகளில் அதற்கு 'டைமிங் செயின்' என்று பெயர். மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட நமக்கு அதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்ற கேள்வி உடனே எழுந்தது. 'காலச் சங்கிலி' என்றால் ஜோதிட நூல் ஒன்றின் தலைப்புப்போல் ஒலிக்கிறது. 'நேர ஒழுங்குச் சங்கிலி' என்றால் பொருள் சரி, ஆனால் காஷ்மீரி கேட் உதிரிப்பாகக் கடைவீதியில் அதைச் சொல்லிக் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும். ஆகவே இக்கட்டுரையில் டைமிங் செயின் என்றும், சில இடங்களில் வெறுமனே சங்கிலி என்றும் சொல்லிச் செல்கிறோம். நேயர்கள் பொறுத்தருள்க.

இச்சங்கிலியின் பணி யாது? பெட்ரோல் எஞ்சினோ டீசல் எஞ்சினோ, சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் நான்கு முறை சென்றால் ஒரு சுற்று முடிகிறது. முதற் பயணத்தில் காற்றை உள்ளே இழுக்கிறது, இரண்டாவதில் அழுத்துகிறது, மூன்றாவதில் எரிபொருள் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, நான்காவதில் எரிந்த புகை வெளியேறுகிறது. 1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஆட்டோ இயக்கிக் காட்டிய அதே முறைதான் இன்றளவும் நடைபெறுகிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கீழேயுள்ள கிராங்க் தண்டு. காற்று நுழையும் வால்வுகளையும் புகை வெளிச்செல்லும் வால்வுகளையும் உரிய தருணத்தில் திறப்பது கேம் தண்டு. மூடுவது வால்வின் சுருள்வில். கிராங்க் இருமுறை சுழலும்போது கேம் ஒருமுறை சுழலவேண்டும். அதற்கேற்பக் கேம் சக்கரத்தின் பற்கள் கிராங்க் சக்கரத்தின் பற்களைப் போல் இருமடங்கு. இவ்விரு சக்கரங்களையும் இணைத்து, ஒன்றையொன்று பிந்தாமலும் முந்தாமலும் ஓடச்செய்வதே டைமிங் செயின்.

இந்த ஒழுங்கின் கடுமை கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடுகிறது எனக் கொள்வோம். கிராங்க் விநாடிக்கு 50 முறை சுழலும். ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடும். ஒரு மணி நேரத்தில் அது 90,000 முறை. அத்தனை முறையும் வால்வு இறங்கும்போது பிஸ்டன் விலகியிருக்கவேண்டும். பிஸ்டன் ஏறும்போது வால்வு மூடியிருக்கவேண்டும். இன்றைய எஞ்சின்களுள் பெரும்பாலானவற்றில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு கணங்களில் பயன்படுத்துகின்றன. ஒரே அறையைப் பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் வாடகைக்கு எடுத்துக்கொண்ட கதைதான். சங்கிலி பல பற்கள் தாண்டிவிட்டால் இருவரும் ஒரே கணத்தில் உள்ளே நுழைகின்றனர். வால்வு வளைகிறது, சிலவேளை பிஸ்டனும் அடிபடுகிறது. சில ஆயிரத்தில் முடியவேண்டிய செலவு எஞ்சினையே பிரிக்கும் செலவாகிறது. விடுமுறைக்கு டெல்லியிலிருந்து ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் காரிலேயே சென்னைக்குப் போகும் நம்மவர்க்கு, ஜான்சிக்கும் நாக்பூருக்கும் இடையில் இது நேர்ந்தால் பணத்தோடு போகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எல்லா வண்டியிலும் சங்கிலி இல்லை. 1950களின் இறுதியில் வெளிவரத் தொடங்கி 2014இல் தயாரிப்பு நின்ற அம்பாஸடரில் கேம் தண்டு எஞ்சின் உடலின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தது. ஆகவே குட்டையான சங்கிலி ஒன்றே போதுமானதாயிற்று. 1983இல் வந்த மாருதி 800இல் கேம் தண்டு எஞ்சினின் தலைக்கு ஏறிவிட்டது. அதை ஓட்டியது சங்கிலியன்று, பல் வைத்த ரப்பர் பெல்ட். பெல்ட்டுக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும். இத்தனை கிலோமீட்டரில் அல்லது இத்தனை ஆண்டில் மாற்றுக என்று கையேடு கண்டிப்பாய்ச் சொல்லும். 2008 முதல் வந்த மாருதியின் கே வரிசைப் பெட்ரோல் எஞ்சின்கள் போன்றவற்றில் மீண்டும் சங்கிலி வந்தது. நம் கார் எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். மாற்றவேண்டிய தூரம் ஒன்றும் குறிப்பிடாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் சங்கிலிதான்.

'எஞ்சின் உள்ளளவும் சங்கிலி' என்று விற்பனைக்காரர்கள் சொல்வது பொய்யன்று; ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்நிபந்தனை எஞ்சின் ஆயில். பெல்ட் வெளியே உலர்ந்து ஓடுவது. சங்கிலியோ மூடிக்குள் ஆயிலில் நனைந்தபடி ஓடுவது. ஆயில் கெட்டால் சங்கிலி தேயும்.

'சங்கிலி நீண்டுவிட்டது' என்று மிஸ்திரிகள் சொல்வதைக் கேட்டு, எஃகு ரப்பர்போல் இழுபட்டுவிட்டதாக நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் உலோகம் நீள்வதில்லை; கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவை புகும் துளைகளும் தேய்கின்றன. 8 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 150 கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்றில், கண்ணிக்கு 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தம் 7.5 மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். தலைமுடியின் தடிமனை ஒத்த தேய்மானம் கூடிக்கூடி ஏறத்தாழ ஒரு கண்ணியளவு ஆகிவிடுகிறது. அந்தத் தொய்வை ஈடுசெய்ய, சங்கிலியின் தளர்ந்த பக்கத்தில் டென்ஷனர் என்னும் சாதனம் உண்டு. ஆயில் அழுத்தத்தால் ஒரு சிறு தண்டு வெளித்தள்ளி, வளைந்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றின் வழியே சங்கிலியை இறுக்கிப் பிடிக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் டென்ஷனரிலுள்ள ஆயில் வடிந்துவிடும். காலையில் அழுத்தம் மீளும்வரை சங்கிலி மூடியில் உரசிச் சலசலக்கும். ஒரு விநாடி அளவில் அடங்கினால் அஞ்சவேண்டியதில்லை. நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால், ஒன்று சங்கிலி தேய்ந்திருக்கும், அல்லது டென்ஷனர் சோர்ந்திருக்கும், அல்லது ஆயில் குறைந்திருக்கும். நம் வண்டியில் மூன்றும் இருந்தன.

ஆயில் குறைந்ததைப் பற்றிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அலுவலகத்திற்கு மெட்ரோவில் செல்கிறோம். கார் ஓடுவது வாரத்தில் சில முறையே. 'சென்ற முறை ஆயில் மாற்றி 6,000 கிலோமீட்டர்தானே ஆயிற்று, 10,000 ஆகட்டும்' என்று காத்திருந்தோம். பத்தொன்பது மாதம் கழிந்திருந்தது. தூரம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்று கையேட்டில் அச்சிட்டிருப்பதில் இரண்டாம் பாதியை நாம் படிக்கவில்லை. அடுத்தவர் எழுதிய வாக்கியங்களில் அரைப்புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கும் தொழில் நமது! குறுந்தூரம் ஓடும் வண்டி முழுமையாகச் சூடாவதில்லை. அதனால் எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து தங்குகின்றன. ஆயிலின் வழுவழுப்பு கெடுகிறது. மிகுதியாக ஓடும் வாடகைக் காரைவிட, நிறுத்திவைத்துக் காப்பாற்றும் நம் போன்றோரின் காரில் இக்கேடு விரைவில் நேரலாம்.

மஞ்சள் விளக்கு எரிந்ததும் குடியிருப்பு இளைஞர் ஒருவர், ஸ்டியரிங்கின் கீழுள்ள துளையில் செருகிக் கைப்பேசியில் படிக்கும் சிறு கருவியைக் கொண்டுவந்து பார்த்தார். பி 0016 என்ற குறி வந்தது. கிராங்க் தண்டின் நிலையும் கேம் தண்டின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது அதன் பொருள். அக்குறி ஒன்றையே கொண்டு சங்கிலி மீது தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. உணரி ஒன்று பழுதானாலும், கேம் நேரத்தை மாற்றும் ஆயில் வால்வு அடைத்துக்கொண்டாலும் அதே குறி வரும். ஆனால் குறியும், ஒலியும், குறைந்த ஆயிலும் ஒருங்கே கூடினால் ஐயம் வலுக்கிறது. வண்டியை ஒரு பணிமனைக்குக் கொண்டுசென்றோம். மூடியைத் திறந்தும் பாராமல், எஞ்சின் தலை முழுவதையும் மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தொகை நம் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது.

வண்டியை மூடிவைத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாமியாருக்கு வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு. சிகிச்சை முடிந்து திரும்புகையில் அவரால் நிற்க இயலாது. பின்னிருக்கையில் சாய்த்துத்தான் அழைத்து வரவேண்டும். சில வாரம் வாடகைக் காரை அழைத்தோம். பனிமூட்டத்தில் அழைத்த வண்டி வராத காலையும் ஒன்று வந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் மகனோடு வசிக்கிறார். திருச்சிராப்பள்ளிப் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நீலகிரி மலைரயிலின் நீராவி எஞ்சின்களில் பழகிய கை. அவரிடம் பணிமனைச் சீட்டைக் காட்டினோம்.

"திறந்து பாராமலே தீர்ப்பா, தம்பி?" என்றார். நீண்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை எஞ்சின் பக்க மூடியில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். "சங்கிலிதான். வால்வு இன்னும் அடிபடவில்லை. அடிபட்டிருந்தால் வண்டி இப்படி ஓடாது. சாமானை வாங்கி வாருங்கள். நாம் இருவரும் பார்ப்போம்."

சாமான் வாங்குவதிலும் ஒரு நியதி உண்டு. சங்கிலியை மட்டும் மாற்றிப் பழைய சக்கரத்தில் ஏற்றினால், தேய்ந்த பற்கள் புதிய சங்கிலியை விரைவில் தின்றுவிடும். ஆதலால் சங்கிலி, டென்ஷனர், பிளாஸ்டிக் பட்டைகள், இரு பக்கத்துப் பற்சக்கரங்கள், கிராங்க் முனையின் ஆயில் சீல், மூடியை ஒட்டும் பசை, புதிய ஆயில், ஃபில்டர் ஆகிய அனைத்தையும் ஒருசேர வாங்கவேண்டும். டெல்லியில் காஷ்மீரி கேட்போல, பெங்களூரில் ஜே.சி. ரோடு, கல்கத்தாவில் மல்லிக் பஜார் என்று ஒவ்வோர் ஊரிலும் இதற்கோர் இடம் உண்டு. மலிவு பெட்டியைக் கண்டு மயங்காமல், வண்டியின் சேசிஸ் எண்ணைக் காட்டி உரிய எண்ணுள்ள பாகத்தைக் கேட்பது நல்லது. எல்லாம் சேர்ந்து பணிமனைச் சீட்டில் ஆறிலொரு பங்குக்குள் அடங்கிற்று.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கினோம். எஞ்சின் முழுவதும் ஆறியிருந்தது. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கிகள்மேல் இறக்கிய பிறகே பெரியவர் நம்மை அருகில் விட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ச் செல்வது உயிரோடு விளையாடுவது. செங்கலை அடுக்கி நிறுத்துவதும் அத்தகையதே. சங்கிலி இருக்கும் பக்கத்தில்தான் எஞ்சினைத் தாங்கும் மவுண்டும் இருந்தது. அதைக் கழற்றுமுன் ஆயில் சம்பின் அடியில் மரப்பலகை வைத்து மற்றொரு ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கினோம். ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் எடுத்துவிட்டோம். பிளக் இல்லையேல் சிலிண்டரில் அழுத்தம் எழாது. கையால் சுழற்றும்போது, தடுப்பது காற்றா உலோகமா என்ற குழப்பம் வராது. இச்சிறு செயலின் அருமை ஞாயிறு மாலை விளங்கிற்று.

கழற்றிய போல்ட்டுகள் ஒரே நீளமுள்ளவை அல்ல. அட்டைப் பெட்டியொன்றில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையில் எந்த போல்ட் இருந்ததோ அந்த இடத்தில் அட்டையைக் குத்திச் செருகிவைத்தார் பெரியவர். கிராங்க் முனைக் கப்பியின் பெரிய போல்ட் எளிதில் அசையவில்லை; பல வண்டிகளில் அது 100 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட விசையில் இறுக்கப்பட்டிருக்கும். ஸ்பேனரைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டும் வித்தையைச் சிலர் செய்வதுண்டு. கையோ முகமோ போனபின் வருந்திப் பயனில்லை. கப்பியைப் பிடித்துநிறுத்தும் கருவி ஒன்றை நாள்வாடகைக்கு வாங்கி அதைத் தளர்த்தினோம். மூடியை எடுக்குமுன், கப்பியிலுள்ள கோட்டை அளவுக்கோட்டோடு பொருத்தி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்குமாறு செய்திருந்தோம்.

மூடி நீங்கியதும் குற்றவாளி கண்முன் நின்றான். பிளாஸ்டிக் பட்டையில் சங்கிலி இரண்டு பள்ளங்களை உழுதிருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு உடைந்தே போயிருந்தது. அத்துண்டு எங்கே என்று பெரியவர் கேட்டார். நமக்கு அது முக்கியமாகப் படவில்லை. அவரோ சம்பைக் கழற்றாமல் விடமாட்டேன் என்றார். கழற்றிப் பார்த்தபோது, ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடைமேல் அது படிந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் எஞ்சினுக்கு ஆயில் கிட்டாமல், புதுச் சங்கிலியும் பழையதன் வழியே போயிருக்கும். பழைய சங்கிலியையும் புதியதையும் ஒரே ஆணியில் மாட்டினோம். தொங்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு. வளையமாய்த் தொங்குவதால் மொத்த நீட்சி அதைப்போல் இருமடங்கு.

ஞாயிறன்று ஏற்றும் வேலை. புதுச் சங்கிலியில் சில கண்ணிகள் வேறு நிறம் பூசியிருக்கும். அவற்றைப் பற்சக்கரங்களிலுள்ள குறிகளோடு பொருத்தி மாட்டவேண்டும். பழைய சங்கிலியை எடுத்ததும், வால்வின் சுருள்வில் உந்தியதால் கேம் தண்டுகளுள் ஒன்று தானே சற்றுத் திரும்பிவிட்டது; அதை அறுகோண முகப்பில் ஸ்பேனர் இட்டு நாமே மீளத் திருப்பினோம். பெரியவர் அப்போது தேநீர் அருந்த உள்ளே போயிருந்தார். சக்கரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அதையே குறியாகக் கொண்டு சங்கிலியை ஏற்றினோம். அவர் வந்ததும் டென்ஷனரைப் பொருத்தி, அதன் தண்டை அமுக்கிப் பிடித்திருந்த ஊசியை உருவினோம். இந்த ஊசியை உருவ மறந்தால் சங்கிலி தொய்ந்தே கிடக்கும் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

இனி, மூடியை ஒட்டுமுன் கிராங்க்கைக் கையால் ஸ்பேனர் கொண்டு, எஞ்சின் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும். கிராங்க்கின் இரண்டு சுற்று கேமின் ஒரு சுற்று ஆதலால், அப்போது சக்கரக் குறிகள் யாவும் பழைய இடத்துக்கே வந்து சேரவேண்டும். சங்கிலியின் நிறக் கண்ணிகள் அப்படி வந்து சேரா. பலப்பல சுற்றுக்குப் பின்னரே அவை மீண்டும் பொருந்தும். இதையறியாத பலர், கண்ணி விலகிவிட்டது என்று கலங்கி, சரியாயிருப்பதையும் பிரித்துவிடுகின்றனர்.

சுழற்றினோம். முக்கால் சுற்று வழுக்கிக்கொண்டு சென்றது. பிறகு சட்டென்று நின்றது.

மணி மாலை ஆறு, வெளிச்சம் மங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலைக்கு இடையில் ஒரே நாள். புதுச் சங்கிலி, இறுக்கம் இருக்கத்தான் செய்யும் என்று மனம் ஒரு சமாதானம் சொல்லிற்று. ஸ்பேனருக்கு ஒரு குழாயை மாட்டி நீளம் கூட்டிச் சற்றே அழுத்தினால் தாண்டிவிடும் என்று தோன்றிற்று. குழாயையும் கையில் எடுத்துவிட்டோம்.

"வைத்துவிடுங்கள், தம்பி."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஸ்பேனரை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, விரல்களால் மட்டும் பிடித்து அசைத்துப் பார்த்தார். "பிளக் இல்லாத எஞ்சினில் காற்று தடுக்காது. இரும்பு இரும்பைத் தொடுகிறது. கைவிசைக்கு வால்வு வளையாது; அந்தக் குழாய்க்கு வளையும்" என்றார். நாம் குறியெனக் கொண்ட புள்ளியை விளக்குவெளிச்சத்தில் காட்டினார். அது தயாரிப்பின்போது பட்ட ஏதோ ஒரு சிறு குழி. உண்மைக் குறி, செதுக்கிய ஒரு கோடு. ஐந்து பல்லுக்கு அப்பால் ஆயில் கறையின் கீழ் இருந்தது. நம் வண்டியின் கிராங்க் சக்கரத்திற்குப் பற்கள் 18. ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் 20 பாகை; ஐந்து பல் என்றால் 100 பாகை. குழாயை மாட்டியிருந்தால் அப்பணிமனையார் எழுதித் தந்த சீட்டு உண்மையாகவே ஆகியிருக்கும்.

திருத்தும் முறையை அவர் பொறுமையாகச் சொன்னார். சங்கிலி இல்லாத நிலையில் கிராங்க்கையோ கேமையோ மனம்போனபடி சுழற்றக் கூடாது. முதலில் ஸ்பேனரைச் சற்றே பின்னோக்கித் தளர்த்தி, டென்ஷனரை அமுக்கி ஊசியிட்டு, சங்கிலியை எடுத்தோம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க்கை உச்சநிலையிலிருந்து கால் சுற்று விலக்கி நிறுத்தினால் நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுவில் நிற்கும். அப்போது கேமைத் திருப்பினாலும் வால்வு எதையும் தொடாது. அவ்வாறே, தொட்ட இடத்திலிருந்து பின்னோக்கி வந்து பிஸ்டன்களை நடுவில் நிறுத்தி, கேம் தண்டுகளை உண்மைக் குறிகளுக்குத் திருப்பி, அதன் பின்னரே கிராங்க்கை உச்சிக்குக் கொண்டுவந்தோம். மூன்று சிலிண்டர் எஞ்சினில் இக்கால்சுற்றுக் கணக்கு செல்லாது. கையேடு சொல்லும் நிலையைத்தான் பின்பற்றவேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மீண்டும் சுழற்றினோம். இரண்டு சுற்று, பின்னும் இரண்டு சுற்று. தடையில்லை, குறிகள் யாவும் வந்து நின்றன.

திங்களன்று விடுப்பு. பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, புதிய சீல் வைத்து, மூடியை ஒட்டினோம். ஆயில் ஊற்றுமுன் பசை உறைவதற்குப் பெட்டியில் குறித்த நேரம் முழுவதும் காத்திருந்தோம். காத்திராமல் ஊற்றியவர்கள் மறுநாள் தரையில் ஆயிலைக் காண்கிறார்கள். 10 நியூட்டன் மீட்டர் அளவே தாங்கும் சிறு போல்ட்டுகள் உண்டு. கைக்கணக்கில் இறுக்கினால் அலுமினியத்தில் மரை அறுந்துவிடும். விசையளவு காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று இரவல் பெற்றோம். எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டுச் சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஆயில் எங்கும் பரவச் செய்த பிறகு ஃபியூஸை இட்டுக் கிளப்பினோம். ஒரு விநாடி சலசலப்பு. பிறகு சீரான ஓட்டம். மாலையில் தெருமுனைக் கடையில் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பார்த்தோம். நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தன. வால்வு வளையவில்லை. மறுநாள் ஆறரை மணிக்கு மாமியார் பின்னிருக்கையில் சாய்ந்தார். வண்டி இவ்வளவு அமைதியாயிருக்கிறதே, கிளம்பிவிட்டதா என்று கேட்டார்.

இதைப் படிக்கும் அனைவரும் ஸ்பேனரை எடுக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. அருகில் அறிந்தவர் ஒருவர் இல்லையேல் நாம் துணிந்திருக்கமாட்டோம். சில எஞ்சின்களில் பற்சக்கரம் தண்டில் சாவியின்றி, இறுக்கத்தினால் மட்டுமே நிற்கும். குறியைப் பார்த்துப் பொருத்த இயலாது. ஃபியட் வடிவமைத்து, மாருதி, டாடா கார்களிலும் பல்லாண்டு ஓடிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் போன்றவற்றுக்குக் கிராங்க்கையும் கேமையும் பூட்டிவைக்கும் தனி ஊசிகள் வேண்டும். சங்கிலி ஏற்கெனவே பல பல் தாண்டி வண்டி ஓட்டத்திலேயே நின்றுவிட்டதானால், மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பாமல் கட்டியிழுத்துக்கொண்டு போவதே நல்லது. ஒவ்வொரு முயற்சியும் இன்னொரு வால்வை வளைக்கக்கூடும். பணிமனைக்குத்தான் போவதென்றாலும், மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம். கழற்றிய சங்கிலியையும் பட்டைகளையும் திருப்பித் தரச் சொல்லலாம். உடைந்த துண்டு இருந்தால் சம்பைக் கழற்றிப் பார்த்தார்களா என்று கேட்கலாம். இவற்றைக் கேட்க எஞ்சின் சாஸ்திரம் படித்திருக்கவேண்டியதில்லை.

பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆயில் மாற்றிய தேதியை வெள்ளைத் துணிப்பட்டையில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டச் சொன்னார். தேதியின்கீழ் கிலோமீட்டரையும் எழுதப் போனோம். அது வேண்டாம், தேதி மட்டும் போதும் என்று தடுத்துவிட்டார்.